விசுவமடு வானின் 3எல் எஞ்சின்: மாற்றுவதா, திறந்து செய்வதா?

2024 வைகாசி. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன வான், திரும்பி வரும்போது புதுக்குடியிருப்பு தாண்டியதும் வெப்ப முள் சிவப்பைத் தொட்டிருக்கிறது. நிறுத்தி ஆறவிட்டு, பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் வாங்கி ஊற்றி மறுபடி ஓடியிருக்கிறார்கள், உடையார்கட்டில் திரும்பவும் நிறுத்தியிருக்கிறார்கள், விசுவமடு வந்து சேர விடிந்துவிட்டது. காலையில் உழவு மெசினில் கட்டி எங்கள் கராஜுக்கு இழுத்து வந்தார்கள்.

வான் டொயோட்டா ஹையேஸ் எல்.எச்.113, எங்கள் ஊரில் டொல்பின் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். உள்ளே 3எல் எஞ்சின்: நாலு சிலிண்டர், 2779 சி.சி., டர்போ இல்லை, கொம்பியூட்டர் இல்லை. வானின் சொந்தக்காரர் கிழமை நாட்களில் விசுவமடு, தர்மபுரம் பக்கத்துப் பிள்ளைகளைக் கிளிநொச்சிப் பாடசாலைகளுக்கு ஏற்றி இறக்குகிறார், சனி ஞாயிறில் ஹயர் ஓடுகிறார். குடும்பத்துக்கு வேறு வருமானம் கிடையாது. மீற்றர் 3 லட்சத்து 40 ஆயிரம் கிலோமீற்றர் காட்டியது, ஆனால் இடையில் ஒரு வருடத்துக்கு மேல் மீற்றர் கேபிள் அறுந்து கிடந்ததாக அவரே சொன்னார், ஆகவே அந்த எண்ணை நான் கணக்கில் எடுக்கவில்லை.

வாசலில் நின்றபடியே கேட்டார். "தம்பி, எஞ்சினை மாத்துவமோ, இல்லாட்டி இதையே திறந்து செய்வமோ?"

"அண்ணை, இப்ப ஒண்டும் முடிவெடுக்காதேங்கோ. முதல்ல அளந்து பாப்பம்."

அவருக்கு ஏற்கெனவே இரண்டு பேர் முடிவு சொல்லிவிட்டிருந்தார்கள். ஒருவர், ஜப்பானில் ஓடிக் கழற்றி வந்த ரீகண்டிசன் எஞ்சின் ஒன்றைப் போட்டால் நாலு நாளில் வான் ரோட்டில் நிற்கும் என்றார். மற்றவர், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் கீழே இருக்கிற பிளொக்குக்கும் நடுவில் இறுகிக் கிடக்கிற ஹெட் கஸ்கட்டை மட்டும் மாற்றினால் போதும், வீண் செலவு வேண்டாம் என்றார். இரண்டு பேரும் வானின் போனட்டைக்கூடத் திறக்கவில்லை, அதாவது முன் சீற்றைக்கூடத் தூக்கவில்லை, ஏனென்றால் இந்த வானில் எஞ்சின் சீற்றுக்குக் கீழேதான் இருக்கிறது.

வானை விற்றுவிட்டு வேறொன்று வாங்குகிற வழியும் அப்போது அடைபட்டிருந்தது. 2020 பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அந்த நேரத்தில் இன்னும் திறக்கப்படவில்லை, பழைய டொல்பின்கள்கூடக் கைக்கு எட்டாத விலைக்குப் போய்க்கொண்டிருந்தன. உடம்பு நல்ல நிலையில் இருக்கிற வானை எஞ்சினுக்காகக் கைவிடுவதில் அர்த்தமில்லை. சரி, அப்படியானால் இருக்கிற வானுக்குள் எந்த எஞ்சின் என்பதுதான் கேள்வி.

முதலில் நான் செய்தது ஒயில் மட்டம் பார்க்கிற கம்பியை, டிப்ஸ்டிக்கை, இழுத்து முகர்ந்து பார்த்தது. இது எனக்குத் தொழில் பழக்கியவரிடமிருந்து வந்த பழக்கம். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் பெற்றோலும் டீசலும் வர அனுமதி இல்லை, கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின; சேலைன் குழாயால் நாலு துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், ஒயில் தண்ணியாகும், பிஸ்டனைச் சுற்றி இருக்கிற ரிங் தேயும். அந்தக் காலத்தில் எஞ்சின் மாற்றுவது என்ற பேச்சே இல்லை, மாற்ற எஞ்சின் எங்கே இருந்தது? எதுவாக இருந்தாலும் திறந்து, இருந்ததை வைத்துச் செய்தார்கள். அவர் எந்த வாகனம் வந்தாலும் முதலில் ஒயிலை முகர்வார். இந்த வானின் ஒயிலை இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்துப் பார்த்தேன், வழுவழுப்பு இல்லை, டீசல் மணம் மூக்கில் ஏறியது. சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நொசில்களில் ஒன்றாவது ஒழுகுகிறது என்று அப்போதே குறித்துக்கொண்டேன். ஒயிலில் தண்ணீர் கலந்த பால் நிறம் இல்லை, அது ஒரு ஆறுதல்.

அப்புறம் கொம்பிரசன், அதாவது பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்ற அளவு. குளோ பிளக்குகளைக் கழற்றி அந்த ஓட்டைகளில் கேஜைப் போட்டு, டீசல் வெட்டுகிற சொலனொயிட் வயரைக் கழற்றி, நல்ல பற்றரி ஒன்றை வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். இந்த எஞ்சினுக்கு நல்ல நிலையில் 455 பி.எஸ்.ஐ. அல்லது அதற்கு மேல் வர வேண்டும், ஆகக் குறைந்தது 284, ஒரு சிலிண்டருக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் 71க்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு வந்தது ஒன்றாவதில் 385, இரண்டாவதில் 370, மூன்றாவதில் 360, நாலாவதில் 215. முதல் மூன்றும் வயதானவை, ஆனால் உயிரோடு இருப்பவை. நாலாவது செத்துவிட்டது. பெற்றோல் எஞ்சினில் செய்வதுபோல் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் ஊற்றி மறுபடி அளக்கச் சொல்வார்கள், டீசலில் நான் அதை நம்புவதில்லை. பிஸ்டன் மேலே வந்தால் மிஞ்சுகிற இடமே மிகச் சிறியது, ஊற்றிய ஒயில் அந்த இடத்தை நிரப்பியே எண்ணைக் கூட்டிக் காட்டும். அதற்குப் பதிலாக நாலாவது சிலிண்டரின் பிஸ்டனை மேலே நிறுத்தி, வால்வுகள் மூடியிருக்கும்போது கொம்பிரசர் காற்றை உள்ளே விட்டோம். ரேடியேற்றர் வாயில் குமிழி வந்தது. ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து காதை வைத்தால் அங்கேயும் சீறல் கேட்டது. அதாவது கஸ்கட் அல்லது ஹெட் ஒரு பக்கம், ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) மறுபக்கம், இரண்டும் சேர்ந்தே போயிருக்கின்றன. கஸ்கட் மட்டும் மாற்றினால் போதும் என்ற கதை அந்த இடத்தில் முடிந்தது.

ஆனால் முடிவை உண்மையில் திருப்பியது ஒயில் பிரசர்தான். டாஷ்போர்ட்டில் இருக்கிற விளக்கை நம்பாமல், ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் பூட்டினோம். டீசல் கலந்த பழைய ஒயிலை வடித்து, புது ஒயில் ஊற்றி, ரேடியேற்றரை நிரப்பிக்கொண்டே எஞ்சினை ஓடவைத்துச் சூடாக்கினோம். சும்மா ஓடும்போது 18 பி.எஸ்.ஐ., மூவாயிரம் சுற்றில் 50. கம்பனி கேட்பது சும்மா ஓடும்போது 4க்குச் சற்று மேல், மூவாயிரத்தில் 36 முதல் 85 வரை. அப்படியென்றால் பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங் தண்டு, அதைத் தாங்குகிற பெயரிங், ஒயில் பம்ப் எல்லாம் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. மேல்பாதி போய்விட்டது, கீழ்பாதி நிற்கிறது. கீழ்பாதியும் போயிருந்தால் நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன், கிராங் அரைத்து, எல்லாப் பெயரிங்கும் மாற்றி, பம்பும் போட்டு வருகிற செலவில் வேறு எஞ்சினே வாங்கிவிடலாம்.

ஹெட்டைக் கழற்றியபோது அண்ணையும் பக்கத்தில் நின்றார். நாலாவது சிலிண்டருக்கு மேலே, இரண்டு வால்வுகளுக்கு நடுவில் ஒரு கோடு. துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சோக் பூசினோம், கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சோக்கில் நனைந்த கோடு நகம் அளவுக்கு எழுந்து வந்தது. வெடிப்பு தண்ணீர் வழி வரைக்கும் போயிருந்தது. அதைவிட எனக்குக் கவலை தந்தது தண்ணீர் வழிகள். பிளொக்கின் பின்பக்கத்தில் விரல் நுழைய வேண்டிய ஓட்டைகளில் பென்சில்கூட நுழையவில்லை. ஸ்குரூ ட்ரைவரால் சுரண்டினால் மஞ்சள் கலந்த வெள்ளைக் கட்டிகள் உதிர்ந்தன. "இது எங்கட வீட்டுக் கேத்திலுக்குள்ள இருக்கிறதெல்லோ" என்றார் அண்ணை. அதேதான். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கொதித்தால் படியும். பல வருடமாக அந்தத் தண்ணீரைத்தான் ரேடியேற்றருக்கு ஊற்றியிருக்கிறார்கள். தண்ணீர் பம்ப் எஞ்சினின் முன்பக்கம் இருக்கிறது, நாலாவது சிலிண்டர் கடைசியில் கிடக்கிறது, அடைப்பு வந்தால் முதலில் தவிப்பது அதுதான்.

எஞ்சின் சூடாகும்வரை ரேடியேற்றருக்குத் தண்ணீரை விடாமல் மூடி வைக்கிற தேர்மோஸ்டாட் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. சூடேறுகிறது என்று யாரோ ஒருமுறை கழற்றி எறிந்திருக்கிறார்கள், இது எங்கள் பக்கத்தில் மிகச் சாதாரணமாக நடக்கிற வேலை, தயவுசெய்து செய்யாதீர்கள். நிறுத்தி நிறுத்திப் பிள்ளை ஏற்றுகிற வானில் எஞ்சின் சூடாகவே நேரம் போதாது, தேர்மோஸ்டாட்டும் இல்லையென்றால் குளிரிலேயே ஓடிக் குளிரிலேயே தேயும். இதற்கு மேல் ஏர் பில்டர் பெட்டியின் கிளிப் ஒன்று உடைந்து கம்பியால் கட்டப்பட்டிருந்தது, கட்டின பக்கம் இறுகவில்லை, பில்டரைத் தாண்டி உள்ளே போகிற ரப்பர் குழாயின் உட்பக்கத்தில் சிவப்புப் புழுதி ஒரு வரியாகப் படிந்திருந்தது. உள்கிராமத்துக் கிரவல் ரோட்டில் முன்னால் ஒரு டிப்பர் போனால் எவ்வளவு புழுதி கிளம்பும் என்று தெரியாதவர் வன்னியில் இல்லை.

போர் கேஜால் அளந்தோம். புதிதில் 96 மில்லிமீற்றர். முதல் மூன்று சிலிண்டரிலும் மேல்பக்கத்தில் 0.11 முதல் 0.14 வரை தேய்வு. நாலாவதில் 0.26, ஒரு பக்கச் சுவரில் நீளமான கீறல்கள். அதன் நொசிலைச் சோதனை மெசினில் போட்டபோது விசிறி அடிக்காமல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஆக, இந்த எஞ்சினைக் கொன்றவை மூன்று: கிணற்றுத் தண்ணீர், புழுதி, ஒழுகின நொசில். மூன்றும் எஞ்சினுக்கு வெளியிலிருந்து வந்தவை. இந்த வானுக்குள் நாளைக்குப் புத்தம்புது எஞ்சினை வைத்தாலும் அதே ரேடியேற்றர், அதே பில்டர் பெட்டி, அதே கிணறு அதைப் பிடித்துக்கொள்ளும். இதை அண்ணைக்கு நான் மூன்று நாலு தடவை சொன்னேன், ஏனென்றால் எஞ்சினை மாற்றுகிறவர்கள் பலரும் நோயை வானிலேயே விட்டுவிட்டு நோயாளியை மட்டும் மாற்றுகிறார்கள்.

அப்படியிருந்தும் மாற்று எஞ்சினைப் பார்க்காமல் முடிவெடுக்க எனக்கு விருப்பமில்லை. வவுனியாவில் ஒரு இடத்தில் இரண்டு 3எல் இருக்கின்றன என்று சொன்னார்கள், இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். முதலாவது பளபளவென்று வெள்ளிப் பூச்சு அடித்து நின்றது. ஒயில் மூடியைத் திறந்து உள்ளே டோர்ச் அடித்தால் தார் மாதிரிக் கறுப்புப் படிவு. தண்ணீர் வெளியே வருகிற வாய்க்குள் விரலை விட்டேன், துரு நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது பார்வைக்கு அழுக்கு, ஆனால் உள்ளே பரவாயில்லை, கிராங்கைக் கையால் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் சமமாக எதிர்த்தது. அதுதான் நல்லது என்று நினைத்தபோது பிளொக்கில் எஞ்சின் இலக்கம் அடிக்கிற இடத்தைத் தேடினேன். அந்த இடம் அரத்தால் ராவப்பட்டு வழவழப்பாக இருந்தது. சுங்கப் பத்திரம் கேட்டால் பிறகு தருகிறோம் என்றார்கள். கொம்பிரசன் அளக்கலாமா என்றால் காசு கட்டின பிறகு அளக்கலாம் என்றார்கள். உத்தரவாதம் ஸ்டார்ட் ஆகும்வரைக்கும்தான்.

இலக்க விசயத்தைச் சிலர் சின்னதாக நினைக்கிறார்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது, எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்த வேண்டும், அதற்கு எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பத்திரம் வேண்டும். இந்த வானுக்கு லீசிங் வேறு இருந்தது, புத்தகத்தில் முழு உரிமையாளராக நிதி நிறுவனத்தின் பெயர், ஆகவே அவர்களின் சம்மதக் கடிதமும் வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிற வான், நாளைக்கு ஒரு விபத்து நடந்து காப்புறுதிக்காரர் வந்து இலக்கம் பார்த்தால் அண்ணையின் கதி என்ன? பிளொக்கை வைத்துக்கொண்டு செய்தால் இந்தப் பேச்சே இல்லை, இலக்கம் அப்படியே இருக்கும்.

வேறு எஞ்சின்களையும் யோசித்தோம். 5எல் இதே குடும்பம்தான், 2986 சி.சி., பெரிய மாற்றம் இல்லாமல் உட்காரும், இழுவை கொஞ்சம் கூடும், சோளகக் காற்று எதிர்க்கும்போது ஆனையிறவில் மூன்றாம் கியருக்கு இறங்கத் தேவை இருக்காது என்று அண்ணைக்கு ஆசை வந்தது. ஆனால் விலையும் கூட, பத்திரத்தில் சி.சி.யும் மாறும். 1கேஇஸட் டர்போ போடுங்கள் என்று ஒரு தம்பி சொன்னார், நான் உடனே மறுத்தேன். அதற்குக் கொம்பியூட்டர், வயரிங், பெரிய ரேடியேற்றர் எல்லாம் வேண்டும், சூடேறினால் ஹெட் வெடிக்கிற பெயர் அதற்கும் இருக்கிறது, கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தையில் அலைந்து சாமான் தேட அண்ணையால் முடியாது.

கணக்கை ஒரு கொப்பியில் எழுதி அவர் முன்னால் வைத்தேன். எங்களுக்குச் சொன்ன விலைப்படி ரீகண்டிசன் 3எல் ஐந்தரை லட்சம், அதற்கு மேல் ஏற்றுக்கூலி, டைமிங் பெல்ட், சீல்கள், பத்திரச் செலவு. எஞ்சினைத் திறந்து செய்தால் புது ஹெட், 0.50 மில்லிமீற்றர் பெருத்த ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், பெயரிங், கஸ்கட் செற், அந்தப் பிஸ்டனுக்கு ஏற்றபடி சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குகிற போர் கூலி, நொசில் வேலை, ரேடியேற்றர் வேலை எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட நாலு லட்சம். ஆனால் நாட்கள் வேறு: அது நாலு நாள், இது இரண்டு கிழமை. இரண்டு கிழமைக்கு வருமானம் இல்லை, பிள்ளைகளை ஏற்ற மைத்துனரின் வானுக்குக் கூலி கொடுக்க வேண்டும். அதையும் சேர்த்தால் வித்தியாசம் ஒரு லட்சத்துக்குக் கிட்ட வந்து நின்றது. காசை மட்டும் பார்த்திருந்தால் அந்த வித்தியாசத்துக்காக இரண்டு கிழமை காத்திருக்க வேண்டுமா என்று யோசிக்கலாம். என்னைத் திறந்து செய்கிற பக்கம் இழுத்தது வேறொன்று: இந்த எஞ்சின் எதனால் போனது என்று எனக்குத் தெரியும், கிராங் நல்லது என்று அளந்து பார்த்திருக்கிறேன். வவுனியாவில் நின்ற எஞ்சின் ஜப்பானில் என்ன பாடுபட்டது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விடவில்லை.

அண்ணை வீட்டில் கதைத்துவிட்டு அடுத்த நாள் வந்து சொன்னார். "இதையே செய்வம் தம்பி. ஆனா ஆடி இரண்டுக்கு மடு மாதா திருவிழாவுக்கு ஹயர் பிடிச்சிட்டன், அதுக்கு முதல் தந்திடவேணும்."

பிளொக்கை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனோம். பிஸ்டன்களை வாங்கிக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, ஒவ்வொன்றையும் அளந்து, அந்தந்தச் சிலிண்டருக்கு இலக்கம் போட்டுத்தான் போர் அடிக்க விட்டோம். சாமான் வர முதல் போர் அடித்துவிட்டு, வந்த பிஸ்டன் லூசாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாலாவதின் கீறல் 0.50க்குள் முழுவதும் போய்விட்டது, சிலிண்டருக்குள் புதுக் குழாய் (ஸ்லீவ்) இறக்கத் தேவை வரவில்லை. போர் அடிக்க முதல் பிளொக்கை இரசாயனத் தொட்டியில் ஊறவைத்தோம், கழுவியபோது தண்ணீர் வழிகளிலிருந்து விழுந்த சுண்ணாம்பு ஒரு பால்மாப் பேணியை நிரப்பியது. கிராங்கின் அளவு புதிதில் இருக்க வேண்டிய அளவுக்குள்ளேயே இருந்தது, அரைக்காமல் அதே அளவுப் பெயரிங் போட்டோம். புது டைமிங் பெல்ட், புது தண்ணீர் பம்ப், தேர்மோஸ்டாட் அதன் இடத்தில். ரேடியேற்றரைத் திறந்து ஒவ்வொரு குழாயாகக் கம்பி விட்டு எடுத்தார்கள். பில்டர் பெட்டியை முழுதாக மாற்றினேன், கிளிப்புக்காக மட்டும் பெட்டி மாற்றுவதா என்று அண்ணை யோசித்தார், ரப்பர் குழாயைத் தடவி அந்தச் சிவப்பு விரலைக் காட்டினேன், பிறகு கேட்கவில்லை.

நான் ஒரு பிழை விட்டேன், அதையும் எழுதவேண்டும். இஞ்செக்சன் பம்பைக் கழற்றி வெளியே வைத்திருந்தும் அதன் முன் சீலைப் பார்க்காமல் பூட்டிவிட்டேன். மூன்றாம் நாள் டைமிங் மூடிக்குள்ளிருந்து டீசல் கசிந்தது. டீசல் பட்டால் பெல்ட் ஊறிக் கெட்டுவிடும், ஆகவே மறுபடி கழற்றி சீலும் பெல்ட்டும் மாற்றினேன், அந்த இரண்டாவது பெல்ட்டின் காசு என் கணக்கில். வான் கையில் கொடுத்தது பதினேழாவது நாள், மடுப் பயணத்துக்குச் சரியாகப் பத்து நாள் முன்னால்.

அந்தப் பத்து நாளும் பிள்ளைகளை மட்டும் ஏற்றச் சொன்னேன், அதிலும் அளவோடு. ஒரே வேகத்தில் ஓட வேண்டாம், நிறுத்தி வைத்துச் சும்மா ஓடவிட வேண்டாம், 500 கிலோமீற்றரில் ஒயில் மாற்ற வாருங்கள் என்றேன். வந்தார். முதல் ஒயிலில் ரிங் படிகிறபோது வருகிற மெல்லிய மினுக்கம் இருந்தது, துகள் இல்லை.

மார்கழியில், ஏறக்குறைய ஒன்பதாயிரம் கிலோமீற்றர் ஓடின பிறகு, மறுபடி கேஜைப் போட்டேன்: 450, 445, 450, 440. முன்பு 600 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில் குடித்த வான், இப்போது ஒயில் மாற்றத்துக்கும் மாற்றத்துக்கும் இடையில் டிப்ஸ்டிக்கில் ஒரு நூல் அளவுதான் இறங்குகிறது. புகைச் சான்றிதழும் முதல் தடவையிலேயே கிடைத்தது. டிப்ஸ்டிக்கை முகர்ந்தேன், ஒயில் மணம் மட்டும்தான். சாரதி சீற்றுக்குப் பின்னால் ஐந்து லீற்றர் கான் ஒன்று கட்டியிருந்தார், ஊரில் இருக்கிற ஆர்.ஓ. என்கிற தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தில் பிடித்த தண்ணீரில் கூலன்ட் கலந்தது. மூடியில் மாக்கர் பேனாவால் "எஞ்சினுக்கு, குடிக்க வேண்டாம்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது, பிள்ளைகள் ஏறுகிற வான் அல்லவா, மகள் எழுதினதாம்.